முல்லைத்தீவிலிருந்து அந்தமானுக்குப் பாய்மரப் படகு: வாங்க வேண்டியதும் பழக வேண்டியதும்

நீங்கள் கேட்டது இதுதான். மூன்று நண்பர்கள், 28 அடி நீளமான பழைய பாய்மரப் படகு ஒன்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, முதலில் முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்கு ஓடிப் பழகிவிட்டு, அடுத்த ஆண்டு அந்தமானுக்குப் போக எண்ணம், மூவரில் எவரும் இதுவரை பாய்மரப் படகு ஓட்டியதில்லை, என்னென்ன பாதுகாப்புப் பொருட்கள் வாங்க வேண்டும்? பொருட்களைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கி முடித்தால் புறப்பட்டுவிடலாமா என்பதே அது. அதற்கு என் பதில்: முடியாது. எங்கள் கரையிலிருந்து கடலுக்குள் போவது எவருக்கும் எளிது. காற்று எதிர்த்து நிற்கும்போது, இயந்திரம் கைவிட்டபோது, ஒருவர் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டபோது திரும்பி வரத் தெரியுமா என்பதுதான் ஆயத்தத்தின் அளவுகோல். கீழே எழுதுவதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

எந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பல்களில் தளப் பிரிவு அதிகாரியாகப் பல ஆண்டுகள் வேலை செய்தேன். அதன் பிறகு இந்தக் கரையிலேயே பைபர் படகுகளைத் திருத்துவதும், தொழிலாளருக்குக் கடற்பாதுகாப்பு வகுப்பு எடுப்பதுமாக இருக்கிறேன். திருகோணமலைக்கு வரும் பாய்மரப் படகுகளில் கரையோரமாக ஓடியிருக்கிறேன். வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்திருக்கிறேனே தவிர 28 அடிப் படகில் கடந்ததில்லை. நீங்கள் வாங்கப்போகும் படகை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே அந்தப் படகு இதற்குத் தகுமா என்று இங்கிருந்து சொல்ல என்னால் இயலாது. எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று மட்டும் சொல்லலாம்.

முதலில், முல்லைத்தீவிலிருந்து புறப்படும் எண்ணத்தைக் கைவிடுங்கள். எங்கள் வள்ளங்கள் தட்டை அடி உள்ளவை. பத்துப் பேர் கைபிடித்தால் மணலில் ஏறிவிடும். நீங்கள் வாங்கப்போவது அப்படிப்பட்டதன்று. அந்த அளவுப் பாய்மரப் படகுகளுக்கு அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன பாரக் கட்டை தொங்கும், கீல் என்பார்கள். மிதந்து நிற்கவே ஒன்றரை மீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் துறைமுகம் இல்லை, அலைதடுப்பு இல்லை, திறந்த மணற்கரைதான். நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளுக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முகத்துவாரத்து மணல்மேடு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இடம் மாறும். வரண்ட மாதங்களில் வாயே மூடிக்கொள்ளும். வெளியே நங்கூரம் போட்டு விட்டால், வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று எழும்பிய இரவில் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்பது ஒரேயொரு கயிறுதான். படகைத் திருகோணமலையிலேயே வைத்திருங்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நமக்கு 90 கிலோமீற்றர் தெற்கே இருக்கிறது. வவுனியா வழியாகப் பஸ் ஏறிப் போய்வருவது அலுப்புத்தான், ஆனால் கொட்டியாரக் குடாவைப் போலப் பழகுவதற்கேற்ற நீர் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

இனிக் காற்று. இதை நம் ஊர்த் தொழிலாளரிடம் கேட்டால் எந்தப் புத்தகத்தையும் விட நன்றாகச் சொல்வார்கள். மே முதல் செப்ரெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். அலை எழும்பக் காற்றுக்கு ஓட்டத்தூரம் வேண்டும். கரையருகே அந்தத் தூரம் இல்லாததால்தான் அந்த அமைதி. பத்து மைல் வெளியே போனால் அதே காற்று வேறு முகம் காட்டும். அங்கே இயந்திரம் நின்றால், பாயை வைத்துக் காற்றை எதிர்த்து ஏறத் தெரியாதவர்களை அது கிழக்கே கொண்டுபோகும். கிழக்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்குக் கரையே இல்லை. வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழ். நவம்பர், டிசெம்பர் மாதங்களில் காற்றும் நீரும் விரிகுடாவின் வடகிழக்கிலிருந்து எங்கள் கரையை நோக்கித் தள்ளுகின்றன. 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் ரோகிங்கியா அகதிகளின் படகைக் கடற்படை மீட்டது. 2024 டிசெம்பரில் அதேபோன்ற இன்னொரு படகு நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு முள்ளிவாய்க்கால் கரைக்கே வந்து சேர்ந்தது. நம்மவர்கள் தண்ணீரும் சோறும் கொண்டு ஓடியதை நீங்களும் அறிந்திருப்பீர்கள். குழந்தைகளோடு வந்த அந்த மக்கள் பட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அந்தப் பருவத்தில் கடல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தக் காற்றுக் கணக்கை அந்தமானுக்குப் பொருத்திப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து போர்ட் பிளேயர் ஏறத்தாழ 700 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினால் ஆறு நாள். 28 அடிப் படகு ஐந்தை இடைவிடாமல் தராது என்பதால் எட்டு, பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் ஓரளவு ஒழுங்காக இருக்கும், ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் வெளிநாட்டுப் படகுகள் தாய்லாந்துப் பக்கமிருந்து இலங்கைக்கு வருகின்றன. எதிர்த்திசையில் போவது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று குறையும், ஆனால் விரிகுடாவின் முதல் புயற்பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. சோழகத்தில் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்; அலை பெரிது, மழைக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை நினைக்கவே வேண்டாம். 1964 டிசெம்பர்ப் புயல் திருகோணமலைப் பக்கம் ஏறி வன்னியைக் குறுக்கறுத்து மன்னாருக்குப் போய், தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. சுருக்கமாகச் சொன்னால், பழகாதவர்கள் கிழக்கே போக நல்ல மாதம் என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது. பழகியவர்களுக்குக் காத்திருந்து பிடிக்கக்கூடிய இடைவெளிகள் உண்டு.

பழக்கம் என்பதன் அளவு என்ன? இந்தியக் கடற்படையின் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024 ஒக்ரோபரில் கோவாவிலிருந்து தாரிணி படகில் புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண். அதற்கு முன் கோவாவிலிருந்து போர்ட் பிளேயருக்குப் போய்த் திரும்பியதை அவர்கள் பயிற்சியாக ஓடினார்கள். உங்களுக்கு இலக்காக இருப்பது அவர்களுக்குப் பாடங்களில் ஒன்று. பிரித்தானிய முறையில், பாய்மரப் படகுத் தலைவருக்கான யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு அமரவே 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், 2,500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும், அவற்றுள் 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றுத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனபோது, அதை ஓட்டிய நம்மவர்களிடம் இப்படி எந்தச் சான்றிதழும் இல்லை. ஆனால் அவர்கள் சிறுவயதிலிருந்தே தண்டையல்மார் என்ற கப்பல் தலைவர்களின் கீழ் கயிறு பிடித்து வளர்ந்தவர்கள். அந்த வளர்ப்பு உங்களுக்கு இல்லாதபோது, அதன் இடத்தை நிரப்பக் குறைந்தது இரண்டு பருவங்களாவது வேண்டும்.

அந்த இரண்டு பருவமும் என்ன செய்வது என்பதுதான் என் பதிலின் நடுப்பகுதி. பாய்மரம் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்தாவது முதல் சில வாரங்கள் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டியாரக் குடாவுக்குள் இயந்திரத்தைத் தொடாமலே நங்கூரம் எடுத்து, ஓடி, திரும்பி வந்து நங்கூரம் போடும்வரை பழகுங்கள். பாயைச் சுருக்குவதைக் காற்றில்லாத நாளில் நூறு முறை செய்யுங்கள், பிறகு இரவில், தலைவிளக்கோடு. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: 10 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 20 ஆனால் பாயின் மேல் சுமை நாலு மடங்கு. சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் எவர் மனதில் எழுகிறதோ, அந்தக் கணமே சுருக்குங்கள். மூவரில் ஒருவர் சொன்னாலும் மற்ற இருவரும் மறுக்கக் கூடாது என்று கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படகைக் கடலில் நிறுத்தி வைப்பது. இதை எல்லாப் படகோட்டிகளும் அறிந்திருப்பார்கள் என்று நினைப்போம்; வந்து போகும் படகுகளில் கேட்டுப் பார்த்தால் பாதிப்பேர் செய்து பார்த்ததே இல்லை. காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது படகைத் திருப்புங்கள், ஆனால் முன்பாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள். படகு திரும்பியதும் முன்பாய் தவறான பக்கத்தில் காற்று வாங்கி நிற்கும். பெரிய பாயைச் சற்றுத் தளர்த்துங்கள். சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். முன்பாய் முகப்பைக் காற்றிலிருந்து விலகத் தள்ளும், சுக்கான் காற்றை நோக்கித் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்ய, படகு ஓட்டத்தை விட்டு மெல்லப் பக்கவாட்டில் நகரும். அதுவரை தூக்கித் தூக்கி அடித்த படகு சட்டென்று அடங்குவதை ஒருமுறை உணர்ந்தால் மறக்கமாட்டீர்கள். சமைக்கலாம், உறங்கலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம், இருட்டில் துறைமுகத்துக்குள் நுழையாமல் விடியும்வரை வெளியே காத்திருக்கலாம். ஒவ்வொரு படகுக்கும் பாயும் சுக்கானும் நிற்க வேண்டிய இடம் வேறுபடும். உங்கள் படகில் அது எங்கே என்பதை நல்ல காற்றில் தேடிக் கண்டு குறித்து வையுங்கள். பெருங்காற்றில் வேகத்தைக் குறைக்கப் பின்னால் இழுவைத்தடை விடுவதா, முகப்பைக் காற்றுக்கு நேரே பிடித்துவைக்க முன்னால் குடைநங்கூரம் விடுவதா என்பதில் அனுபவசாலிகளே இன்னும் ஒத்துப்போகவில்லை. அதில் நான் பக்கம் சாயமாட்டேன்.

மூன்றாவது, கடலில் விழுந்தவரை எடுப்பது. ஐந்து நொட் ஓட்டத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீற்றர் போய்விடும். ஒரு மீற்றர் அலையில் அந்தத் தூரத்தில் மனிதத் தலை தெரியாது. நீங்கள் மூன்று பேர். ஒருவர் விழுந்தால் இருவர். ஒருவர் கண்ணை எடுக்காமல் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். மற்றவர் தனியாகப் படகைத் திருப்ப வேண்டும். 20 லீற்றர்க் கலன் ஒன்றை முக்கால்வாசி நிரப்பிக் கடலில் போட்டுப் பழகுங்கள். கிட்டப் போவதோடு வேலை முடிவதில்லை. துணி நனைந்து, களைத்துப்போன ஒருவரைப் படகின் விளிம்புக்கு மேலே தூக்குவது இருவருக்கும் இயலாத வேலை. அதற்குக் கப்பித் தொடுப்போ, பாயேற்றும் கயிற்றைச் சுருட்டியில் சுற்றும் ஏற்பாடோ வேண்டும். துறைமுகத்தின் அமைதியான நீரில், மூவரில் பாரமானவரைக் கடலில் இறக்கி, அவர் கையைக் காலை அசைக்காமல் கிடக்க, மற்றவர்கள் உண்மையாகவே மேலே ஏற்றிப் பாருங்கள். அன்றைக்குத்தான் உங்கள் படகின் ஏணி எவ்வளவு குட்டை என்பது தெரியவரும். விழாமல் இருப்பதே வழி என்பதும் அன்றே மனதில் பதியும்: முன்னிருந்து பின்வரை தளத்தில் நாடா கட்டி, இரவிலும் தனிக்காவலிலும் உடற்பட்டியை அதில் கொளுவாமல் எவரும் வெளியே கால் வைக்கக் கூடாது.

உயிர்காப்பு அங்கி. எங்கள் வள்ளங்களில் அதைத் தலையணையாகவும் இருக்கையாகவும் பயன்படுத்துகிறார்கள். நசுங்கிய நுரைக்கு மிதப்பு குறைந்துவிடும், தூக்கிப் பார்த்தால் தெரியாது. நீங்கள் போகும் தூரத்துக்கு 150 நியூட்டன் மிதப்புள்ள, தானாக ஊதும் வகை பொருந்தும்; கால்களுக்கிடையே போகும் பட்டி கட்டாயம், அது இல்லாவிட்டால் அங்கி மேலே ஏறி, ஆள் கீழே தொங்குவார். வாங்கியதும் வாயால் ஊதி ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாயுக் குப்பியைக் கழற்றி மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குப்பியிலேயே பொறித்திருக்கும், குறைந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது. குப்பியின் கழுத்தில் துரு இருந்தால் அது துணியையும் தின்றுவிடும். நம் கடல் 28 பாகை வெப்பம், குளிர் கொல்லாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தண்ணீர் உடலின் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும். இரவு முழுக்கக் கிடந்தால் இந்தக் கடலிலும் உடல் விறைக்கும்.

படகைப் பற்றி: வாங்கும் முன் கரையேற்றிப் பாருங்கள். கீல் உடலோடு சேரும் இடத்தில் வெடிப்போ துருக்கறையோ இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும். பாய்மரத்தைப் பிடிக்கும் உருக்குக் கம்பிகளில் பஞ்சை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. கம்பிகள் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். கடல்நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வால்வுக்கும் அருகில் அந்த அளவுக்கு மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். டீசல் தொட்டியைத் திறந்து அடியில் கைவிட்டுப் பாருங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது அடங்கிக் கிடக்கும் கசடு, கடல் குலுக்கியதும் கலங்கி வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் அலையில்தான் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மாற்று வடிகட்டிகள் கொண்டுபோவதோடு, குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலையை மூவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சமையல் வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடிந்ததும் சிலிண்டரின் வாயிலேயே மூடுங்கள்.

உதவி கேட்கும் கருவிகளில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குச் செய்தி அனுப்பும் ஈ.பி.ஐ.ஆர்.பி. கருவியை வாங்குங்கள். அதற்கு மாதக் கட்டணம் இல்லை, 48 மணி நேரமாவது இயங்கும். பழைய படகோடு பழைய கருவியும் வந்தால் கவனம்: அதில் முந்தைய உரிமையாளரின் நாட்டுக் குறியீடும் பதிவும் இருக்கும். நீங்கள் கடலில் அழுத்தினால் அவர் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். குறியீட்டை மாற்றி உங்கள் பெயரில் பதியுங்கள். வி.எச்.எப். வானொலி நிலையாகப் பொருத்தியது ஒன்று, கையில் பிடிப்பது ஒன்று. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். பாய்மர உச்சியில் அலைக்கம்பி இருந்தாலும் அதன் எல்லை பதினைந்து, இருபது மைல் அளவுதான். கைத்தொலைபேசியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுத்திய உடனே ஹெலிகொப்டர் வரும் என்றும் எண்ணாதீர்கள். விரிகுடாவின் நடுவில் உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் திசை மாற்றப்பட்ட ஒரு சரக்குக் கப்பல். 2018 செப்ரெம்பர் 21இல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அபிலாஷ் தோமியின் படகு கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் காயம். அவர் அப்போது இந்தியக் கடற்படையின் கைதேர்ந்த படகோட்டி, அதற்கு முன்பே தனியாக உலகைச் சுற்றியவர். பல நாடுகள் தேடியும் பிரெஞ்சுக் கப்பல் அவரை எடுத்தது 24ஆம் தேதிதான். அந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்கு உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

படகு மூழ்கினால் ஏறுவதற்கான, ஊதி விரியும் மிதவைப்படகு அந்தமானுக்குக் கட்டாயம். கரையோர ஓட்டத்துக்குத் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, என் மனம் வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் அதில் ஏறுவது கடைசி வேலை. 1979இல் இங்கிலாந்திலிருந்து நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயலில் சிக்கிக் கைவிடப்பட்ட 24 படகுகளில் 19 பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. அந்தப் போட்டியில் இறந்த 15 பேரில் சிலர் மிதவைப்படகை நம்பி இறங்கியவர்கள். உங்கள் காலடியில் படகு மிதக்கும்வரை அதுவே பாதுகாப்பு.

கடல்மயக்கத்தைச் சிறு தொல்லையாக எண்ணுகிறார்கள். முதல் இரண்டு நாளில் தவறான முடிவுகள் எடுக்கப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. வாந்தி எடுத்தவர் தண்ணீர் குடிக்கமாட்டார், உடற்பட்டியைக் கொளுவமாட்டார், எங்கேயாவது கரையேறினால் போதும் என்று அலை உடையும் கரைக்கே படகைத் திருப்புவார். மாத்திரையை முதல் நாள் இரவே தொடங்க வேண்டும். எந்த மாத்திரை எவருக்கு உறக்கம் தரும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் மருத்துவரிடம் கேட்டு, கரையிலேயே ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றுகள் நிறைய எடுங்கள். பனங்கட்டியும் பொரிமாவும் அடுப்பு மூட்டாமல் உண்ணக்கூடியவை. நம் முன்னோர் காரணத்தோடுதான் கொண்டுபோனார்கள். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர். பத்து நாள் என்றால் மூவருக்கும் 120. அதற்கு மேல் பாதி சேர்த்து, ஒரே தொட்டியில் இல்லாமல் பல கலன்களில் வையுங்கள். கலன்களை முழுதாக நிரப்பாமல் சற்றுக் குறையாக நிரப்பினால் கடலில் விழுந்தாலும் மிதக்கும்.

இரவுக் காவலில் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். 18 நொட் ஓடும் கப்பல் அடிவானத்தில் தெரிந்த பின் உங்கள்மேல் வருவதற்கு இருபது நிமிடம்கூட ஆகாது. திசைகாட்டியில் அதன் திசை மாறாமல் அது பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. கண்ணாடியிழைப் படகு ராடாரில் சரியாகத் தெரியாது, எனவே ராடார்த் தெறிப்பியும், கப்பல்கள் ஒன்றின் இருப்பிடத்தை மற்றதற்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் வேண்டும். எங்கள் கரையோரத்தில் ஆபத்து வேறு: விளக்கில்லாத வள்ளங்கள், விரித்த வலைகள், இந்திய இழுவைப் படகுகள். வலை சுக்கானில் சிக்கினால் உங்களுக்கு ஒரு இரவு வீண். அந்தத் தொழிலாளிக்கு மாதக்கணக்கான உழைப்பு. ஆகவே முதல் ஓட்டங்களைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே நீட்டி நீட்டிப் போய்த் திரும்புங்கள். புறாத்தீவைச் சுற்றிப் பாறைகள் உண்டு, விலகி ஓடுங்கள். அந்த மாதங்களில் பின்னேரத்தில் இடிமுகில் கட்டும். மதியத்துக்குள் ஒதுங்கிவிடுவது நல்லது.

வானிலை எதிர்வுகூறலில் எதை நம்பலாம்? வளிமண்டலவியல் திணைக்களம் ‘காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக’ என்று சொல்லும் கடல் அறிவிப்பைத் தினமும் கேளுங்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் காட்டும் காற்று வரைபடங்களை இரண்டு, மூன்று நாளுக்கு நம்பலாம். ஐந்தாம் நாளுக்குப் பின் அவற்றைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. அந்தமான் ஓட்டம் அதைவிட நீளமானது என்பதைக் கவனியுங்கள்: புறப்படும்போது கண்ட வானம் வழியில் தீர்ந்துவிடும். காட்டும் எண் சராசரிக் காற்று. வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் ஏறும். அலையின் உயரமும் அப்படியே, சொல்லப்பட்டதைப்போல் இரு மடங்கு அலை இடையிடையே வரும்.

அனுமதி விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கரையிலிருந்து மூன்று இளைஞர்கள் தண்ணீர், டீசல், உணவு ஏற்றிக்கொண்டு கிழக்கே போனால் கடற்படை என்ன நினைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மறைவாகப் புறப்பட்டவர்களைத் தேடுவதும் கடினம். படகின் பதிவு, வெளியேறும் அனுமதி, கடவுச்சீட்டு முத்திரை எல்லாம் திருகோணமலையில் முறையாக முடித்து, அந்தமானுக்கான இந்திய அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள். மீன்பிடிப் பதிவு இதற்குச் செல்லாது. விதிகள் மாறுவதால், நான் சொல்வதை வைத்துக்கொண்டு போகாமல் உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

கடைசியாக, கொட்டியாரக் குடாவுக்குள் ஓடும் நாளிலிருந்தே செய்ய வேண்டிய ஒன்று. கரையில் பதறாத ஒருவரைத் தெரிவுசெய்து, அவர் கையில் ஒரு தாள் கொடுங்கள். அதில் படகின் பெயர், நிறம், ஒரு படம், மூவரின் பெயர், இரத்த வகை, மருந்துகள், ஈ.பி.ஐ.ஆர்.பி. கருவியின் பதிவெண், எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது, எந்த வழியாகப் போகிறீர்கள், வழியில் ஒதுங்கக்கூடிய இடங்கள், எத்தனை மணிக்கு எப்படித் தொடர்பு கொள்வீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கீழே இரண்டு நேரங்களை எழுதுங்கள். முதலாவது, நீங்கள் பேச வேண்டிய நேரம். இரண்டாவது, அதன் பிறகும் பேச்சு இல்லாவிட்டால் அவர் கடற்படையை அழைக்க வேண்டிய நேரம், அழைக்க வேண்டிய இலக்கத்தோடு. இரண்டாவது நேரம் வந்ததும் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று அவர் காத்திருக்கக் கூடாது, வெட்கப்படவும் கூடாது. நீங்களும் கடலிலிருந்து அந்த நேரத்தைப் பின்தள்ளச் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டி வந்தால் புதிய நேரத்தையும் நிற்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.